மீன் பிறீசருக்குள் ஒரு சாட்சிக் கடிதம்

போன மாதம் இளம் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று ஸ்காபறோவில் நடந்த பயிற்சி வகுப்பில் உங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "அங்கிள், ஒறிஜினலைக் கையில வாங்கிப் பாக்கத்தான் வேணுமோ? போனில படம் எடுத்து அனுப்பினாப் போதாதோ?" அன்று நேரம் இருக்கவில்லை. "போதாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். ஸ்ரௌவ்வில் நகரில் இருக்கிற என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். காரை ஓட்டிய மகன், "அப்பா, ஆரோட சண்டை பிடிக்கிறீங்கள்?" என்று கேட்டான்.

யாரோடு என்று இப்போது எழுதுகிறேன்.

கனடாவுக்கு வந்து, ஸ்காபறோவின் வோபர்ன் பகுதியில் ஒரு சின்ன பிளாசாவில், வருமான வரிப் படிவம் நிரப்புகிறவருக்கும் லமினேற் கடைக்கும் நடுவில் இருந்த அறையில், இருபத்தெட்டு வருடங்கள் தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலமாக்கினேன். பிறப்புச் சாட்சிப் பத்திரம், திருமணப் பதிவு, பொலிஸ் முறைப்பாடு, கோயில் கடிதம், தேவாலயக் கடிதம். நான் திகதி தவறாமல் குறிப்புக் கொப்பியில் குறித்து வைக்கிறவன். யார் வந்தார், எந்த நாள், என்ன தாள், எத்தனை வரி என்று எல்லாம் இருக்கும். 2019க்குப் பிறகு இன்னொரு விடயமும் சேர்ந்தது: என்ன மை. அதற்கு முன்னர் எழுதிய கொப்பிகளில் அந்த ஒன்று மட்டும் இல்லை. அதைக் கவனிக்காமல் விட்டதால் ஒரு மனிதனை அவன் தப்பி வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடப் பார்த்தோம். "பார்த்தோம்" என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு மூடநம்பிக்கையை ஒழித்துவிடுவோம். பேனாவால் எழுதியது நிலைக்கும், பென்சிலால் எழுதியது நிலைக்காது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். எந்த விண்ணப்பப் படிவத்தை எடுத்தாலும் பென்சில் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும். பென்சிலுக்குள் இருப்பது ஈயம் அல்ல, காரீயம் என்று நாங்கள் சொல்கிற கிராபைற். நாங்கள் பிறந்த தீவில் மண்ணைத் தோண்டி எடுக்கிற அதே காரீயம்தான். அது வெயிலில் வெளிறாது. தண்ணீரில் கரையாது. சூட்டில் மறையாது. றப்பர் எடுத்து அழித்தால் ஒழிய அது போகாது, அழித்தாலும் அழித்த தடம் தெரியும். மை அப்படியா? ஊற்றுப்பேனா மை ஒரு துளி மழைக்கு ஓடிவிடும். குமிழ்முனைப் பேனாவின் மை எண்ணெய்ப் பசை, தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் யன்னலோரம் கிடந்தால் வருடங்களில் வெளிறும். பழைய பதிவேடுகளில் இருக்கும் இரும்பு கலந்த மை எழுதும்போது மங்கலாக இருந்து, காற்றுப் படப்படக் கறுத்து, கடைசியில் தாளையே அரித்துத் தின்னும். ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு குணம். இதெல்லாம் எனக்கு 2019க்கு முன்பே தெரியும். புத்தகம் புத்தகமாக வாசித்திருந்தேன். வாசித்து என்ன பயன்? மேசைக்கு வந்த தாளில் அதைப் பார்க்கவில்லையே.

2019 ஜனவரி 14, திங்கட்கிழமை. றெஜினா என்ற பெண் அஜக்ஸில் இருந்து ரயிலில் வந்தாள். மன்னார்க்காரி, வயோதிபர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. அவளுடைய தம்பி அன்ரன் முந்தைய வருடம் இங்கே வந்து அகதி அந்தஸ்துக் கோரியிருந்தான். விசாரணை பெப்ரவரி 14. அவனுக்கு ஒரே சாட்சி அவர்களுடைய பங்குத்தந்தை. அவர் தன் கைப்பட எழுதிய ஒரு பக்கக் கடிதத்தை றெஜினா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

மேலே தேவாலயத்தின் அச்சடித்த தலைப்பு. கீழே கையொப்பம், ஊதா முத்திரை. நடுவில் நீல மையில் இருபத்திரண்டு வரி. அன்ரனைத் தேவாலய வளவில் வைத்து யார் வாகனத்தில் ஏற்றினார்கள், எத்தனையாம் நாள் திரும்பி வந்தான், எந்த நிலையில் வந்தான் என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதியிருந்தார். இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த, நிதானமான எழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

"சுவாமியிட்ட இன்னும் ஒண்டு எழுதி வாங்கலாமோ? ரண்டு பிரதி இருந்தா நல்லது" என்றேன்.

"சுவாமி டிசம்பரில, நத்தாருக்கு முதல், காலமாயிட்டார் அண்ணை. உது ஒண்டுதான் இருக்கு."

இரண்டு பக்கமும் நிழற்பிரதி எடுத்தேன். என் வழக்கப்படி தாளின் பின்புற மூலையில், பென்சிலால், சிறிதாக என் கோப்பு இலக்கத்தையும் திகதியையும் போட்டேன். இரண்டு மணித்தியாலத்தில் மொழிபெயர்ப்பு முடிந்தது. "மூலத்தை நேரில் பார்த்தேன்" என்ற உறுதிமொழியில் கையெழுத்து வைத்தேன். எழுந்து போகும்போது அவள் கேட்டாள்:

"அண்ணை, உதை என்னெண்டு பத்திரமா வைக்கிறது? வீட்டில சின்னனுகள், தண்ணி கிண்ணி ஊத்திப்போடுங்கள்."

"பக்கத்துக் கடையில லமினேற் பண்ணிப்போடுங்கோவன்" என்றேன்.

இதைச் சொன்னவன் நான். யாரும் என்னைத் தூண்டவில்லை. எங்கள் சனத்தின் வீடுகளில் லமினேற் செய்யாத காகிதம் இல்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரம், பரீட்சை முடிவு, கலியாண அழைப்பு, இறந்தவருக்கு அடிக்கிற அந்தியேட்டி அட்டை எல்லாமே பிளாஸ்ரிக்குக்குள் இருக்கும். ஒரு பையோடு ஊர் ஊராய் ஓடி, அந்தப் பையும் மழையில் நனைந்த சனம் அப்படித்தான் இருக்கும். அதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் நான் மொழிபெயர்ப்பாளன். ஒரு மூலப் பத்திரத்தைச் சூட்டு உருளைகளுக்கு நடுவில் அனுப்பச் சொல்வதற்கு முன்னர் நான் ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டும்.

பெப்ரவரி 11, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வழக்கறிஞரிடம் இருந்து தொலைபேசி. அன்ரனின் வழக்கை எடுத்தவர். இங்கே பிறந்த பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும்.

"அங்கிள், இப்பவே வாங்கோ. சீரியஸ்."

அவருடைய அலுவலகம் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில். போனபோது றெஜினா கதிரை நுனியில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். மேசையில் லமினேற் செய்த தாள். தலைப்பு இருந்தது. முத்திரை இருந்தது. கையொப்பம் இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. இருபத்திரண்டு வரியும் போய்விட்டன.

லமினேற் செய்த அன்று றெஜினா அதைப் பார்க்கவே இல்லை. கடைக்காரி சூட்டோடு உறைக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இவள் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடியிருக்கிறாள். நாலு கிழமை அலுமாரிக்குள் இருந்த உறையை அன்று காலைதான் வழக்கறிஞர் திறந்தார்.

"அங்கிள், நீங்கள் சைன் பண்ணிக் குடுத்து, நான் ஹியறிங்குக்கு அனுப்பின போட்டோகொப்பியில எழுத்து இருக்கு. ஒறிஜினல்ல இல்லை. ஹியறிங் நடத்திற மெம்பர் என்ன நினைப்பார்? செத்துப்போன பாதரிட்ட வெறும் பேப்பரில சைன் வாங்கி, கொப்பியில நீங்கள் எழுதிப் போட்டியள் எண்டுதானே?"

"நான் இந்தக் கண்ணால வாசிச்சனான் தம்பி. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ, என்ர பென்சில் நம்பர் இருக்கு. இதே தாள்தான்."

திருப்பினார். இருந்தது. பிளாஸ்ரிக்குக்கு அடியில் ஒரு கீறும் மங்காமல், 14.1.19 என்று. எந்தப் படிவமும் ஏற்காத பென்சில் எழுத்து இருந்தது, எல்லாப் படிவமும் கேட்கிற பேனா எழுத்துத்தான் போய்விட்டது.

"சோ? பேப்பர் இதுதான் எண்டு ப்ரூவ் ஆகும். அதில எழுத்து இருந்தது எண்டு ப்ரூவ் ஆகாது" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அடுத்துச் செய்ததுதான் சரியில்லை. ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ஏற்கனவே தட்டெழுதி வைத்திருந்தார். நான் மூலத்தை நேரில் பார்க்காமல், யாரோ கொடுத்த பிரதியை வைத்து மொழிபெயர்த்தேன் என்று இருந்தது.

"இதில சைன் பண்ணினா நான் லெட்டரை வித்ட்றோ பண்ணுவன். உங்களுக்குப் பெரிசா ஒண்டும் வராது. ஒரு வோர்னிங்தான்."

"அன்ரனுக்கு?"

"வேற எவிடென்ஸ் இருக்கா எண்டு பாப்பம்."

வேறு சாட்சியம் இல்லை என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். அவர் தன் பெயரைக் காப்பாற்றப் பார்த்தார். அதற்கு என் கையெழுத்தும் அன்ரனின் உயிரும் வேண்டியிருந்தன. நான் அந்தத் தாளைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினேன்.

அப்போது றெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பைக்குள் இருந்து ஒரு பேனாவை எடுத்தாள்.

"அண்ணை, பிளாஸ்ரிக்கை மெதுவா உரிப்பம். அழுத்தின தடம் இருக்குமெல்லே? உங்களிட்ட போட்டோகொப்பியும் இருக்கு. சுவாமியின்ர எழுத்து மாதிரியே நீங்கள் மேல எழுதித் தாங்கோ. பொய் ஒண்டும் எழுதச் சொல்லேல்லை. அவர் எழுதினதைத்தானே..."

வழக்கறிஞர் யன்னல் பக்கம் திரும்பி, வாகனத் தரிப்பிடத்தில் பனி அள்ளுகிறவர்களை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்கவில்லை.

இளையவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இந்தத் தொழிலில் உங்களிடம் பொய் எழுதச் சொல்லி வருகிறவர்களை விரட்டுவது சுலபம். அழிந்துபோன உண்மையைத் திரும்ப எழுதித் தரச் சொல்லி அழுகிறவளுக்கு இல்லை என்று சொல்வதுதான் கஷ்டம். என் கை அந்தப் பேனாவை வாங்கியும்விட்டது.

"பிள்ளை, அந்தத் தாளில நான் ஒரு புள்ளி வைச்சாலும் போதும். பிறகு சுவாமி எழுதினதும் பொய்யாப் போயிடும்" என்றேன்.

சொல்லிவிட்டு, கையில் இருந்த பேனாவைப் பார்த்தேன். உண்மையில் அப்போதுதான் நான் முதன்முதலாக என் தொழிலைச் செய்தேன். பேனாவின் பின்முனையில் ஒரு கெட்டியான றப்பர் குமிழ்.

"இது என்ன?"

"அது அழிக்கிற பேனா அண்ணை. பிள்ளையள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறது. தேய்ச்சா அழியும்."

"சுவாமி எந்தப் பேனாவால எழுதினவர்?"

அவள் வாயில் கையை வைத்தாள். "நான்தானே அண்ணை அனுப்பினனான்! ஓகஸ்டில பள்ளிக்கூடச் சாமான் மலிவு விலைக்குப் போட்டவங்கள். ஒரு பெட்டி வாங்கி, ஊருக்குப் போன ஆக்களிட்ட சுவாமிக்குக் குடுத்துவிட்டனான். போன் எடுத்துச் சொன்னவர், கனடாப் பேனா நல்லா வழுக்கிக்கொண்டு போகுது எண்டு."

நல்ல கடிதத்துக்கு நல்ல பேனா என்று அந்த மனிதர் அதை எடுத்திருக்கிறார். கையொப்பம் மட்டும் வழக்கமாகப் பதிவேட்டில் வைக்கிற பழைய குமிழ்முனைப் பேனாவால் வைத்திருக்கிறார். அதனால்தான் கையொப்பம் தப்பியது.

பேனாவின் உடம்பில் ஏதோ அச்சடித்திருந்தது. என் கண்ணாடியைக் கழற்றி, மூக்கோடு ஒட்டி வைத்து வாசித்தேன். சட்டப் பத்திரங்களுக்குப் பயன்படுத்த வேண்டாமாம். அரிசிமணியில் கால்வாசி அளவு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். பெட்டியின் முன்பக்கம் அழியும் அழியும் என்று கொட்டை எழுத்தில் விற்கத் தெரிந்தவர்களுக்கு, அழியக்கூடாததை எழுதாதே என்று அதே அளவில் சொல்லத் தெரியவில்லை.

வழக்கறிஞரிடம், "விசாரணைக்கு முதல் நாள், புதன்கிழமை வரைக்கும் அந்தத் தாளை ஒருத்தரும் தொடக்கூடாது. உறைக்குள்ள வைச்சு ஒட்டி, மேல நாங்கள் மூண்டு பேரும் கையெழுத்து வைப்பம்" என்றேன். முகத்தைச் சுளித்தார், ஆனால் வைத்தார். றெஜினாவின் பேனாவை வாங்கிக்கொண்டு நேரே லமினேற் கடைக்குப் போனேன். கடைக்காரி கவிதா கோயம்புத்தூர்ப் பெண். நான்கு வருடம் எனக்குப் பக்கத்துக் கடை.

ஒரு வெள்ளைத் தாளில் அந்தப் பேனாவால் நாலு வரி எழுதினேன். கீழே பென்சிலால் என் பெயர். "கவிதா, இதை லமினேற் பண்ணித் தாங்கோ."

இயந்திரத்தின் ஒரு பக்கம் தாள் நுழைந்தது. மறு பக்கம் என் பெயர் மட்டும் வெளியே வந்தது.

"அய்யோ சார், இது அழி பேனா! சூடு பட்டாப் போயிடும். என் பொண்ணு கணக்கு நோட்ட வெயில்ல கார்ல வச்சுட்டா, ஒரு வருஷக் கணக்கும் காலி."

"உங்களுக்குத் தெரியுமோ இது?"

"தெரியும் சார்."

"அப்ப ஜனவரியில அந்தப் பிள்ளை கடிதம் கொண்டுவந்து தரேக்க ஏன் பாக்கேல்லை?"

அவள் முகம் சுருங்கியது. "சார், நான் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்குறதில்ல. அடுத்தவங்க விஷயம். ஓரம் நேரா இருக்கான்னு மட்டும்தான் பாப்பேன்."

அவளைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திட்ட முடியவில்லை. அவள் ஓரத்தை மட்டும் பார்த்தாள், நான் சொல்லை மட்டும் பார்த்தேன். எழுதியது என்ன மை என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"உங்கட மகளின்ர கணக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அதுவா? ஃப்ரீசர்ல வச்சோம் சார். திரும்பி வந்துடுச்சு."

இருபத்தெட்டு வருடத்தில் யாரும் எனக்குச் சொன்ன மிக நல்ல செய்தி அதுதான். என் சோதனைத் தாளை அவளுடைய கடையின் பின்னால் இருந்த குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தோம். அந்த மை அறுபது பாகைச் சூட்டுக்கு மேல் நிறத்தை இழக்கும். கடுங்குளிரில் திரும்பப் பெறும், பிறகு அறைச் சூட்டிலும் அப்படியே நிற்கும். மை தாளை விட்டுப் போவதே இல்லை, கண்ணுக்கு மறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் நாலு வரியும் வந்துவிட்டன.

அன்று மாலையே றெஜினா தொலைபேசியில் துடித்தாள். "அண்ணை, அப்ப வீட்ட கொண்டுபோய் எங்கட பிறீசரில வைப்பம். எழுத்து வந்த பிறகு லோயரிட்டக் குடுப்பம்."

"கூடாது. வீட்டில வைச்சு எழுத்து வந்தா, வீட்டில இருந்து எழுதினது எண்டுதான் சொல்லுவினம்."

"எல்லாருக்கும் முன்னால வைச்சு, வராமப் போனால்?"

அவள் கேட்டது சரி. என் தாள் புதிதாய் எழுதியது. அந்தக் கடிதம் மூன்று மாதம் பழையது, என்ன சூட்டில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று தெரியாது. எல்லோர் முன்னிலும் அது வெறுமையாகவே நின்றால், நாங்களே சாட்சி வைத்துப் பொய்க்காரர் ஆகிவிடுவோம். அன்ரன் முடிந்தான். இதில் முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அதனால் அன்ரனிடமே கேட்டேன். பேக்கரி ஒன்றில் பாண் பொதி செய்கிற, அதிகம் பேசாத மனிதன்.

"சுவாமி எழுதினவர்தானே?" என்றான்.

"ஓம்."

"அப்ப எல்லாருக்கும் முன்னால வையுங்கோ அண்ணை."

பெப்ரவரி 13, புதன்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணி. அதே மாடியில் இன்னொரு அறையில் கயானாவைச் சேர்ந்த ஒரு பெண் வழக்கறிஞர் இருந்தார். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது, அதனால்தான் அவரைச் சாட்சிக்கு அழைத்தேன். உறையை அவரே உடைத்தார். வெறுமையான தாளைப் படம் எடுத்தார். எல்லோரும் படியிறங்கிக் கீழே பலசரக்குக் கடைக்குப் போனோம். கடை முதலாளி மீன் வைத்திருக்கிற நீளமான பிறீசரின் கதவைத் தள்ளினார். அறக்குளா, விளைமீன், மரவள்ளிக்கிழங்குப் பொதிகள்.

"என்ன அண்ணை, விலைபோகாத வழக்கெல்லாத்தையும் இனி என்ர பெட்டிக்குள்ளதானோ வைக்கப் போறியள்?"

"மீனை ஒதுக்கி இடம் விடும் ஐசே."

"வைக்கிறது வையுங்கோ. பிறகு சுவாமியின்ர கடிதம் மீன் மணக்குது எண்டு என்னோட வரக்கூடாது."

கடிதத்தை ஒரு தட்டில் வைத்து உள்ளே வைத்தோம். அன்ரனின் வழக்கறிஞர் கைப்பேசியைப் பிடித்து அதை ஒளிப்பதிவு செய்துகொண்டிருந்தார். கடைக்கு வந்த சனம் கூடிவிட்டது. மீன் வாங்க வந்த ஒரு அன்ரி, "ஏன், ஆர் செத்தது?" என்று கேட்டார்.

இருபது நிமிடம். ஒன்றும் இல்லை. அரை மணித்தியாலம். ஒன்றும் இல்லை. வழக்கறிஞர் மணிக்கூட்டைப் பார்த்து, "அங்கிள், ஐ திங்க் தட்ஸ் இட். இனி வராது" என்று கைப்பேசியை இறக்கினார்.

"பிடியும் தம்பி போனை!" என்று கத்திவிட்டேன். இருபத்தெட்டு வருடத்தில் வாடிக்கையாளர் முன்னால் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தரம்தான். கொப்பியிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

பிளாஸ்ரிக்கின் மேல் உறைபனி படிந்துவிட்டதால் அடியில் என்ன நடக்கிறதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அன்ரன்தான் கையை உள்ளே விட்டு, சேட்டின் கைநுனியால் பனியைத் துடைத்தான். மேல் மூலையில், சாய்ந்த எழுத்தில், சாம்பல் கலந்த நீலத்தில், சுவாமி போட்ட திகதி தெரிந்தது. பிறகு முதல் வரி. பிறகு இரண்டு மூன்று வரிகள் ஒன்றாய். ஒரு மணித்தியாலம் முடியும்போது இருபத்திரண்டும் நின்றன.

அன்ரன் கடிதத்தைத் தட்டோடு வெளியே எடுத்து வாசிக்கத் தொடங்கினான். அந்தக் கடிதத்தை அவன் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவனுக்கு வேண்டாம் என்று அக்கா மறைத்து வைத்திருந்தாள். ஒன்பதாம் வரி வரைக்கும் சத்தமாக வாசித்தான். "அவன் திரும்பி வந்த அன்று அவனுடைய மேற்சட்டையை நானே கத்தரிக்கோலால் வெட்டிக் கழற்றினேன்" என்ற இடத்தில் நிறுத்தினான். முதலாளி வந்து பிறீசரின் கதவை மெதுவாக மூடினார்.

கயானாப் பெண்மணி என் நிழற்பிரதியை எடுத்து, வடிவம் வடிவமாக, வரி வரியாக ஒத்துப் பார்த்துக் கையொப்பம் இட்டார். மாடியில் என் சத்தியக் கடதாசி தயாராகியது. லமினேற் செய்யச் சொன்னது நான்தான் என்று அதில் எழுதச் சொன்னேன். வழக்கறிஞர் தலையைச் சொறிந்தார். "அதை விடுங்கோ அங்கிள். உங்களைக் கூடாமக் காட்டும்."

"கூடாத வேலை செய்தனான் தம்பி. எழுதும்."

மறுநாள் விசாரணையில் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். விசாரணை நடத்தியவர் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒளிப்பதிவைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார். இத்தனை வருட அனுபவம் உள்ள நீங்கள் மூலப் பத்திரத்தை ஏன் லமினேற் செய்யச் சொன்னீர்கள்? "எழுதியிருந்ததைப் பார்த்தேன், எதனால் எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை" என்றேன். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். எதனால் குறித்தார் என்று பார்த்தேன். சாதாரணக் குமிழ்முனைப் பேனா.

மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அன்ரனை ஏற்றுக்கொண்டார்கள். கடிதத்தைப் பற்றி அதில் ஒரு வசனம் இருந்தது: மூலப் பத்திரத்தின் நிலை திருப்திகரமாக விளக்கப்பட்டது. அதற்கு மேல் எதுவும் எழுத வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. என்னிடம் பொய் ஒப்புதல் கேட்ட வழக்கறிஞர் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் செரிக்க முடியவில்லை. அந்தத் தட்டெழுத்துத் தாளை அவர் என்ன செய்தார் என்றும் எனக்குத் தெரியாது. கிழித்திருப்பார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். தாளைக் கையில் வாங்குங்கள். திருப்பிப் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எந்தப் பேனா என்று கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். எங்கே பேனா, எங்கே பென்சில், எங்கே மை மாறுகிறது என்று மொழிபெயர்ப்பிலேயே குறியுங்கள். கைப்பேசிப் படத்தில் எல்லா மையும் ஒரே மைதான். பிழை உங்களுடையது என்றால், அதை முதலில் நீங்களே எழுதுங்கள்.

ஏப்ரலில் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க அன்ரன் வழக்கறிஞரிடம் போனபோது, ஒரு மொழிபெயர்ப்பைக் கொடுக்க நானும் அங்கே இருந்தேன். வழக்கறிஞர் படிவத்தை விரித்து, குறுக்குப் போட்ட இடத்தைக் காட்டி, மேசையில் குவளைக்குள் இருந்த பேனாக்களில் ஒன்றை உருவி நீட்டினார். இவ்வளவு நடந்த பிறகும், பின்முனையில் அதே றப்பர் குமிழ்.

நான் வாயைத் திறக்க முதலே அன்ரன் அதை வாங்கி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். திரும்பக் குவளைக்குள் போட்டான். சேட்டுப் பையில் இருந்து மூடி கடிபட்ட பழைய குமிழ்முனைப் பேனா ஒன்றை எடுத்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, தாளின் மறுபக்கம் புடைக்கும்படி அழுத்தி எழுதினான்.